அக்கா வீட்டு மெஷின்

எங்க அக்கா வீட்டுக்கு மெஷின் வந்த அன்னிக்கு நான் ஒரு கஸ்டமர் சட்டையைத் தீய்ச்சுட்டேன். துணி வெளுத்துத் தேய்ச்சுக் குடுக்கற கடையில எனக்கு வேலை. இத்தனை வருஷத்துல ஒரு காலர் கருகினதா யாரும் சொன்னது கிடையாது. அன்னிக்கு மத்தியானம் அக்கா போன் பண்ணி, "வந்துடுச்சுடீ! ஒரு காசு நம்ம கையிலேருந்து போகல, எல்லாம் இன்சூரன்ஸ்லயே முடிஞ்சுது"ன்னு சொன்னா. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, "ரொம்ப சந்தோஷம்க்கா"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு பாத்தா, இஸ்திரிப் பெட்டி சட்டை முதுகு மேலயே நிக்குது. புகை சட்டையிலேருந்து வந்துச்சா என் காதுலேருந்து வந்துச்சான்னு எனக்கே சந்தேகம்.

மெஷின்னா பெரிசா ஒண்ணும் இல்ல. டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதுலேருந்து ஒரு குழாய். குழாய் முனையில மூக்குல மாட்டிக்கற மாஸ்க். தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு போறவங்களுக்கு அது ராத்திரி பூரா காத்தை ஊதிக்கிட்டே இருக்கும், தொண்டை மூடாது, குறட்டையும் வராது. அக்கா வீட்டுக்காரர், எங்க அத்தானுக்கு அந்த வியாதி. இவ்வளவுதான் விஷயம். ஆனா அக்கா பேசறதைக் கேட்டா வீட்டுக்கு ஏதோ கப்பல் வந்து இறங்கின மாதிரி இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரருக்கும் அதே வியாதிதான். சொல்லப்போனா, அத்தானோட குறட்டையைவிட இவரோடது நல்ல குறட்டை. கீழ் வீட்டு டீச்சர் ஒருநாள் மேல வந்து, "ராத்திரியில மர வேலை ஏதாவது பண்றீங்களா?"ன்னு ரொம்ப மரியாதையாக் கேட்டுட்டுப் போனாங்க. வேலை செய்யற இடத்துல இவருக்கு 'சைலன்சர்'னு பேரு. இருக்கறதுக்காக வச்ச பேரு இல்ல, இல்லாததுக்காக வச்சது.

இவர் ஒரு பெரிய குடோன்ல ஃபோர்க்லிஃப்ட், அதான் பெட்டியைத் தூக்கி அடுக்கற வண்டி, ஓட்டறவர். ஓட்டறவர்னு சொல்றேன், ஆனா அப்போ அவர் கையில சாவி இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி பட்டப்பகல்ல, சாப்பிட்டு வந்து வண்டியில உட்கார்ந்தவர் கண்ணசந்துட்டார். வண்டி அது பாட்டுக்குப் போய், அடுக்கி வச்சிருந்த ஷாம்பூ பெட்டிக்குள்ள ரெண்டு இரும்புக் கையையும் சொருகிடுச்சு. நல்லவேளை, குறுக்க ஆள் யாரும் இல்ல. தரை பூரா ஷாம்பூ. அதைக் கழுவறேன்னு ஒரு புண்ணியவான் பைப்பைத் திறந்துவிட, நுரை முழங்கால் வரைக்கும் வந்துடுச்சாம். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்காங்க. கம்பெனி டாக்டர் மட்டும் சிரிக்கல. "அந்த இடத்துல ஒரு மனுஷன் நின்னிருந்தா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு, சாவியை வாங்கி வச்சுக்கிட்டார்.

மெஷின் போட்டுத் தூங்கணும், ஒழுங்காத் தூங்கறார்னு அந்த மெஷின்லேருந்தே ரிப்போர்ட் வரணும், வந்தாத்தான் சாவி. மூணு மாசத்துக்குள்ள வரலன்னா அந்த வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. அதுவரைக்கும் இவருக்குப் பெட்டிக்கு லேபிள் ஒட்டற வேலை. இருபது வருஷம் வண்டி ஓட்டின மனுஷன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து விரல்ல ஒட்டியிருக்கற பசையை உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பாக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வரும். கைக்காசு போட்டு மெஷினை வாங்கற வசதி எங்களுக்கு இல்ல. ஆக இன்சூரன்ஸ் குடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல.

இதே குடோன்லதான் அத்தானும் இருக்கார். மாடியில, கண்ணாடி ரூம்ல, சுத்தற நாற்காலியில. எந்த லாரி எப்ப வரணும் எப்ப போகணும்னு பாக்கற வேலை. எங்க வீட்டுக்காரரை அங்க சேத்துவிட்டதும் அவர்தான். நாங்க மறந்துடக் கூடாதேன்னு அக்கா அதை அப்பப்ப ஞாபகப்படுத்துவா. ஷாம்பூ விஷயத்தைக் கேட்டு பயந்துபோய்த்தான் அத்தானும் டெஸ்ட்டுக்குப் போனார். அதாவது வழி காட்டினது நாங்க. ஒரே கம்பெனி, ஒரே இன்சூரன்ஸ், ஒரே டெஸ்ட். மெஷின் மட்டும் அங்க போச்சு.

ஏன்னா எல்லாம் ஒரு நம்பர்ல இருக்கு. வீட்டுக்கே ஒரு சின்னப் பெட்டி குடுத்து அனுப்புவாங்க. நெஞ்சுல ஒரு பட்டை, விரல்ல ஒரு கிளிப்பு, மூக்குல ஒரு சன்னக் குழாய். மாட்டிக்கிட்டு வழக்கம்போலப் படுக்கணும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குதுன்னு அது எண்ணிடும். பதினஞ்சைத் தொட்டா இன்சூரன்ஸ் மெஷின் குடுக்கும். அத்தானுக்கு நாப்பத்திரண்டு. எங்க வீட்டுக்காரருக்குப் பதினொண்ணு. 'லேசான பாதிப்பு, மெஷினுக்குத் தகுதி இல்லை'ன்னு கடிதாசி போட்டுட்டாங்க.

லேசாவாம்! கீழ் வீட்டு டீச்சரை வந்து கேளுங்கய்யா, லேசா இல்லையான்னு. அந்தக் கடிதாசியைப் படிச்சதும் எனக்கு இன்சூரன்ஸ்காரங்க மேல வந்த கோவத்தைவிட அத்தானோட நாப்பத்திரண்டு மேல வந்த எரிச்சல்தான் ஜாஸ்தி. சின்ன வயசுலேருந்து எல்லாம் அவளுக்குத்தான் ஒரு படி தூக்கலாக் கிடைக்கும். முடி அவளுக்கு அடர்த்தி. நிறம் அவளுக்கு. பால்கனி வச்ச வீடு அவளுக்கு. சரி போகட்டும்னு இருந்தேன். வியாதியில கூடவா அவ புருஷனுக்கு முதல் மார்க் வரணும்?

பதினஞ்சுக்குக் கீழ வந்தாலும், பிரஷரோ இதயக் கோளாறோ இருந்தா குடுப்பாங்கன்னு இன்சூரன்ஸ் ஆபீஸ்லேருந்து போன்ல ஒரு பொண்ணு சொன்னா. விடுவேனா? அன்னிக்கே மருந்துக் கடைக்கு இழுத்துட்டுப் போய் பிரஷர் பாக்க வச்சேன். கை பட்டையைக் கழட்டிட்டு அந்தக் கடைப் பொண்ணு, "சூப்பரா இருக்கு சார், சின்னப் பையன் மாதிரி"ன்னு சிரிச்சா. இவரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறார். "இன்னொரு தடவை பாரும்மா"ன்னேன். அப்பவும் சூப்பர். ஒரு வியாதிக்குக் கூட வக்கில்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டேனேன்னு நடு ரோட்டுல தலையில அடிச்சுக்கிட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை அக்கா எங்களை மெஷின் பாக்கக் கூப்பிட்டா. ஆமா, பச்சைக் குழந்தையைப் பாக்கக் கூப்பிடற மாதிரி. போனோம். கட்டில் பக்கத்துல ஒரு புது ஸ்டூல், அது மேல விரிப்பு, விரிப்பு மேல மெஷின். அக்கா மாஸ்க்கைக் கழட்டி, சோப்புத் தண்ணியில முக்கி, விரலால தேய்ச்சு, துண்டுல ஒத்தி எடுத்தா. அவ பெத்த பிள்ளைங்களைக்கூட அவ்வளவு பதமாக் குளிப்பாட்டினது இல்ல. குழாயை ஒரு கொக்கியில வளைச்சு மாட்டினா. "தண்ணி கூட சுட வச்சு ஆற வச்சதுதான் ஊத்தறேன். காலையில இதுவே கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பிடும் தெரியுமா? நேத்து ஏழு மணி நேரம்! இவரு இப்ப எப்படித் தூங்கறார்ங்கறே, சத்தமே இல்ல"ன்னா.

அத்தான் நெஞ்சை நிமித்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன சகலை, உங்களுக்குப் பதினொண்ணுதானாமே? அப்ப பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். எனக்கு அதுவும் குத்திச்சு.

"அத்தான், நீங்க நாற்காலியிலேயே தூங்கினாலும் யாருக்கு என்ன கேடு?"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். "நாற்காலி போய் ஷாம்பூவைக் குத்தவா போகுது? அது யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் கிடைக்கல பாருங்க."

"என்னடி பேச்சு இது?"ன்னு அக்கா முறைச்சா. எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சு அமுக்கினார். வழியெல்லாம் அவர் மேல பாய்ஞ்சேன். "உங்களுக்கு ஒரு பதினஞ்சு எடுக்கத் துப்பில்ல!"

"தூக்கத்துல நான் என்னடி எண்ணி எண்ணியா நிறுத்த முடியும்?"ன்னு கேட்டார் பாவம். அப்புறம் பஸ்ஸுல ஜன்னல் ஓரமா சாஞ்சு, ரெண்டாவது ஸ்டாப்புக்குள்ள தூங்கிட்டார். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு.

அப்பீல் பண்ணலாம்னு போன் பொண்ணு சொல்லியிருந்தா. அதுக்குத் தூக்க டாக்டர்கிட்டேருந்து காரணம் எழுதி வாங்கணும். லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனா அவசரப்படாதவங்க. கம்ப்யூட்டரைத் திறந்து இவரோட டெஸ்ட்டைக் கோடு கோடாப் பாத்தாங்க. நான் பக்கத்துல நின்னு, "டாக்டர், எங்க அக்கா வீட்டுக்காரருக்கு நாப்பத்திரண்டு, அவரைவிட இவர் சத்தம் ஜாஸ்தி, நீங்க வேணும்னா வந்து கேட்டுப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்க கையைக் காட்டி என்னை நிறுத்தினாங்க.

"இது ஒரு மாதிரி இருக்கும்மா. மூச்சு பத்து செகண்டாவது நின்னாத்தான் ஒண்ணுன்னு கணக்கு. இவருக்கு மணிக்கு எத்தனையோ தடவை மூச்சு நிக்க ஆரம்பிக்குது. ஆனா ஏழுலயோ எட்டுலயோ உடம்பு ஒரு ஆட்டம் ஆடுது, பக்கவாட்டுல திரும்பிப் படுக்கறார், மூச்சு வந்துடுது. ராத்திரி பூரா இப்படியே." திரும்பி என்னைப் பாத்தாங்க. "இவர் பக்கத்துல யார் படுப்பாங்க?"

"இது என்ன கேள்வி டாக்டர்? நான்தான்."

"நீங்க ஏதாவது பண்றீங்களா?"

நான் என்ன பண்றேன்? ஒண்ணும் பண்ணலியேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். எங்க வீட்டுக்காரர் முந்திக்கிட்டார். "இடிப்பா டாக்டர். முழங்கையால. இங்க." சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். "கல்யாணம் ஆன புதுசுல ஆரம்பிச்சது. அவளுக்கே தெரியாது, தூங்கிக்கிட்டேதான் இடிப்பா. எனக்கும் முழுசா முழிப்பு வராது, திரும்பிப் படுத்துக்குவேன்."

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. வழக்கம்போலப் படுங்கன்னாங்க, வழக்கம்போலப் படுத்தோம், வழக்கம்போல இடிச்சிருக்கேன். டெஸ்ட் பெட்டி மூச்சு நிக்குதான்னு எண்ணக் காத்துக்கிட்டிருந்திருக்கு, நான் எண்ண விடல. ஊர்ல இருக்கற இன்சூரன்ஸ்காரனையெல்லாம் திட்டித் தீத்தேன். கடைசியில இவருக்குக் கிடைக்க வேண்டியதைத் தட்டிவிட்டது என் முழங்கையா?

டாக்டரம்மா சிரிச்சாங்க, ஆனா கேலியா இல்ல. காரணத்தை எழுதினாங்க. இன்சூரன்ஸ் இன்னொரு டெஸ்ட்டுக்கு ஒத்துக்கிச்சு, ஒரே ஒரு தடவை. அதுலயும் பதினஞ்சு வரலன்னா கதை முடிஞ்சுது. சாவி வேற ஆளுக்குப் போயிடும். "அன்னிக்கு இவர் தனியாப் படுக்கணும். நீங்க அந்த ரூம்லயே இருக்கக் கூடாது"ன்னு டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னாங்க.

எங்களுக்கு இருக்கறதே ஒரு ரூம். சமையல் மேடையும் அதுலதான், கட்டிலும் அதுலதான். அதனால டெஸ்ட் அன்னிக்கு நான் போய்ப் படுக்க ஒரே இடம், அக்கா வீடு. பட்டையையும் கிளிப்பையும் இவருக்கு மாட்டிவிட்டுட்டு, "மல்லாந்து படுங்க, திரும்பாதீங்க, நல்லா விடுங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். "எதை விடறது?"ன்னார். "குறட்டையைத்தான்! அக்கா வீட்டுக்காரரைத் தோக்கடிக்கணும், புரியுதா?"ன்னேன். பரீட்சைக்கு அனுப்பற மாதிரிதான் சொன்னேன். அவரும் சரின்னு தலையாட்டினார்.

அக்கா வீட்டுல அன்னிக்கு எனக்குத் தெரியாத ஒண்ணு தெரிஞ்சுது. படுக்கப் போறப்ப அத்தான் ஒரு ரூமுக்குப் போனார், அக்கா இன்னொரு ரூமுக்கு வந்தா. "வா, என்கூடப் படு"ன்னு பாதிக் கட்டிலைத் தட்டினா.

"அத்தான் தனியாவா?"

"வருஷக் கணக்காச்சுடி. அந்தச் சத்தத்துல மனுஷி தூங்க முடியுமா? கதவைச் சாத்திட்டு இங்க வந்துட்டேன். இப்ப மெஷின் வந்ததும் சத்தம் இல்ல. ஆனா பழகிப்போச்சு பாரு, திரும்பப் போகத் தோணல"ன்னா. சொல்லிட்டு லைட்டை அணைச்சுட்டா.

வீடு அப்படி ஒரு அமைதி. பக்கத்து ரூம்லேருந்து மெஷின் சத்தம்கூட வரல. இப்படி ஒரு தூக்கம் தினமும் இவளுக்கு வாய்ச்சிருக்கேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. மெத்தை நல்ல மெத்தை. தலையணை நல்ல தலையணை. அதுல படுத்துக்கிட்டு நான் வேண்டிக்கிட்டேன். கடவுளே, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் எங்க வீட்டுக்காரருக்கு நல்லா மூச்சு நிக்கணும். நாப்பத்திரண்டைத் தாண்டணும். இன்சூரன்ஸுக்குப் பதினஞ்சு போதும்தான். நாப்பத்திரண்டு கேட்டது எனக்காக. எந்தப் பொண்டாட்டியாவது இப்படி வேண்டியிருப்பாளா? நான் வேண்டினேன். வேண்டிட்டு அப்படியே தூங்கியும் போயிட்டேன்.

காலையில அக்கா விலாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. "பாவி, ராத்திரி பூரா என்னை இடிச்சுத் தள்ளிட்டியேடி! நான் குறட்டைகூட விடல, மூச்சு கொஞ்சம் மெதுவா வந்தாப் போதும், ஒரு இடி. தினமும் இப்படித்தான் பண்ணுவியா?"

"எனக்குத் தெரியாதுக்கா. அவர்தான் சொல்வார்."

"அவர் திட்ட மாட்டாரா?"

"திட்டறதா? தூக்கத்துலேயே 'சரிம்மா, சரிம்மா'ன்னுட்டுத் திரும்பிப் படுப்பார்."

அக்கா விலாவைத் தடவிக்கிட்டு என்னையே பாத்தா. அவ முகத்துல ஒண்ணு வந்து போச்சு. எனக்கு அது என்னன்னு நல்லாத் தெரியும், ஏன்னா அதை நான் தினமும் கண்ணாடியில பாக்கறவ. "குடுத்து வச்சவடி நீ"ன்னா, சன்னமா. முதல் தடவையா எங்க அக்கா என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டா. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. பொய் சொல்வானேன்? வீட்டுக்குப் போற வரைக்கும் அந்த சந்தோஷம் போதுமா இருந்துச்சு.

வீட்டுல இவர் எழுந்து டீ போட்டுக்கிட்டிருந்தார். "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"அட, அருமையான தூக்கம்! இத்தனை வருஷத்துல இப்படித் தூங்கினதே இல்ல. இடியும் இல்ல, உதையும் இல்ல. நீ அப்பப்ப அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்"ன்னு கண்ணைச் சிமிட்டினார்.

எனக்குச் சுருக்னுச்சு. நான் இல்லாம இவருக்கு அருமையான தூக்கமா? அக்கா பொறாமைப்பட்ட ஆளு இந்த ஆளுதானா? "அப்ப உங்களுக்கு நான் எதுக்கு, ஒரு தலையணையைக் கட்டிக்கிட்டிருக்கலாமே"ன்னு டம்ளரை டங்குன்னு வச்சேன். அன்னிக்கு முழுக்க அவரோட சரியாப் பேசல. மத்தியானம் லேபிள் மேலயே தலையை வச்சுத் தூங்கிட்டார்னு வேலை செய்யற இடத்துலேருந்து ஒருத்தர் போன் பண்ணிச் சொன்னார். அப்பவும் எனக்கு ஒறைக்கல.

ரிசல்ட் வந்த அன்னிக்கு இவருக்கு ஷிப்ட். நான் மட்டும் போனேன். டாக்டரம்மா உள்ள ஆள் பாத்துக்கிட்டிருந்தாங்க. வெளியில உட்கார்ந்திருந்த நர்ஸ் ஒரு கவரைக் குடுத்து, "வாழ்த்துக்கள் அக்கா, இன்சூரன்ஸ் ஒத்துக்கிச்சு. மெஷின் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துடும்"ன்னா.

"நம்பர் எவ்வளவும்மா?"

"அம்பத்தேழு."

எனக்கு அப்படியே துள்ளிக் குதிக்கணும் போல இருந்துச்சு. அம்பத்தேழு! நர்ஸுக்கு நன்றி சொன்னேனோ இல்லையோ, மாடிப்படியில நின்னுக்கிட்டே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, வந்துடுச்சு! சாவி திரும்பக் கிடைச்ச மாதிரிதான். அம்பத்தேழுக்கா! அம்பத்தேழு!" படி ஏறி வந்த ஒருத்தர், பிள்ளைக்கு நல்ல மார்க்கு போலன்னு நினைச்சு என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனார்.

அக்கா, "அவ்வளவா?"ன்னா. அப்புறம், "அன்னிக்கு அவரு தனியாவாடி கிடந்தாரு?"ன்னு கேட்டா.

"ஆமாக்கா, அதுக்குத்தானே நான் உங்க வீட்டுக்கு வந்தேன்"னு சொல்லிக்கிட்டே கவரைப் பிரிச்சேன். அவளுக்கு முழுசாப் படிச்சுக் காட்டணும்னு ஆசை. அம்பத்தேழு மேலயே இருந்துச்சு, தடிச்ச எழுத்துல. அதுக்குக் கீழ இன்னொரு வரி. அதிகபட்சமா மூச்சு நின்ன நேரம், ஒரு நிமிஷம் இருபது செகண்ட்.

அந்த வரியைப் படிச்சேன், ஆனா அது மண்டைக்குள்ள போகல. ஒரு நிமிஷம் இருபது செகண்ட்னா எவ்வளவு? போன்லயே கடிகாரம் ஓடிக்கிட்டிருந்துச்சு, எவ்வளவு நேரம் பேசறோம்னு காட்டற கடிகாரம். அதைப் பாத்துக்கிட்டே மூச்சை அடக்கினேன். முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் காது அடைச்சுது. நெஞ்சுக்குள்ள ஏதோ முட்ட ஆரம்பிச்சுது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தாங்க முடியாம வாயைப் பிளந்துட்டேன். கடிகாரத்தைப் பாத்தா, பாதி தூரம்கூட நான் வரல.

பாதி தூரம்கூட வரல. இவர் அதைத் தாண்டி, இன்னும் அவ்வளவு நேரம், மூச்சில்லாமக் கிடந்திருக்கார். ஒரு தடவை இல்ல. மணிக்கு அம்பத்தேழு தடவை நின்னு நின்னு கிடந்திருக்கார். மல்லாந்து, நான் சொன்ன மாதிரியே, திரும்பாம. காலையில எழுந்து அருமையான தூக்கம்னு என்கிட்ட சொன்னார், நான் டம்ளரை டங்குன்னு வச்சேன். நாப்பத்திரண்டைத் தாண்டணும்னு வேண்டிக்கிட்டு நல்ல மெத்தையில நான் தூங்கியிருக்கேன். படியிலேயே உட்கார்ந்துட்டேன்.

"என்னடி, பேச்சையே காணோம்?"ன்னு அக்கா போன்ல கத்திக்கிட்டிருந்தா. விஷயத்தைச் சொன்னேன். அந்த நிமிஷக் கணக்கையும் சொன்னேன். அக்கா, "ஐயையோ"ன்னா.

"மெஷின் எப்ப வருதுன்னே?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா! இன்னும் மூணு ராத்திரி இருக்கேடி. இரு, எங்க வீட்டு மெஷினை எடுத்துட்டு வரேன். மாஸ்க்கைக் கழுவிக் கொண்டாந்துடறேன். உங்க அத்தான் மூணு நாள் எப்படியாவது சமாளிச்சுக்குவாரு."

எந்த மெஷினைப் பாத்து என் வயிறு எரிஞ்சுதோ, அதை அக்கா தானே தூக்கிக் குடுக்கறேங்கறா. விரிப்பு விரிச்சு வச்ச மெஷினை. எனக்கு அது வேண்டாம்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுது.

"வேண்டாம்க்கா. இங்க நான் இருக்கேன், மூணு ராத்திரி முழிச்சிருந்தாவது பாத்துக்குவேன். அதை எடுத்துட்டா, அங்க அத்தான் பக்கத்துல யாரு இருக்கா?"ன்னேன்.

போன்ல அக்கா மூச்சு விடறது மட்டும் கேட்டுச்சு. வாழ்நாள்ல எத்தனையோ தடவை அவளைக் குத்திக்காட்டிப் பேசியிருக்கேன். சத்தியமா, இதை நான் குத்திக்காட்டணும்னு சொல்லல.